விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே விழுந்த கட்டை

வாசுகி மட்டும் அன்று ஆட்டோவிலிருந்து பார்த்து இறங்கியிருந்தால் நான் விழுப்புரத்தைப் பார்த்தே இருக்கமாட்டேன். பள்ளி விடுமுறைக்கு ஈப்போவிலிருந்து சென்னைக்கு வந்தவள் நான். இரண்டு கோயில், நான்கு புடவைக் கடை, அப்புறம் விமானம். இதுதான் திட்டம். நான் வந்த மறுநாளே என் தோழி கணுக்காலை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "ஒரு சின்ன உதவி" என்றாள்.

வாசுகிக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஒரு காலத்தில் ஓடியவர்கள், தாண்டியவர்கள், பந்தடித்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் தேடிப் போய், அவர்கள் வாயாலேயே அவர்கள் கதையைச் சொல்லவைத்து, கேசட்டில் பதிந்து வைப்பாள். "கப்பு வாங்கினவங்க பேரு பேப்பர்ல இருக்கும். வாங்காதவங்க கதை அவங்களோடயே போயிடும்" என்பாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. வீட்டில் துணி வைக்க வேண்டிய அலமாரியில் எல்லாம் கேசட்.

"விழுப்புரத்துல ஒருத்தங்க, திண்டிவனத்துல ஒருத்தங்க. ரெண்டு பேரும் ஒரே டீம்ல ஓடினவங்க. வர்றேன்னு சொல்லிட்டேன், மாத்த முடியாது. ரெண்டே நாள்டி."

நான் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வருடத்துக்கு ஒரு முறை விளையாட்டுப் போட்டியில் விசில் ஊதுகிறவள். அந்தத் தகுதியே போதும் என்று ரெக்கார்டரையும் எட்டு கேசட்டையும் கையில் திணித்து அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் என்றாள். ஐந்து நாள் ஆயிற்று.

விழுப்புரத்தில் இறங்கியபோது காலை எட்டு மணி. ஈப்போவிலும் வெயில் உண்டு. ஆனால் மத்தியானம் மழை வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும். இங்கே அந்தப் பழக்கமே கிடையாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் நுழைந்து, எங்கள் ஊர் வழக்கப்படி, "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். இலை போட வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பசிச்சா சாப்டுங்க. பசி ஆறிட்டா இன்னாத்துக்கு மேடம் இங்க வர்றீங்க?"

காலை உணவைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம் என்று விளக்கினேன். அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "சிலோன்காரம்மாவுக்கு ரெண்டு இட்லி, வடகறி!" என்று குரல் கொடுத்தார். சிலோன் இல்லை மலேசியா என்று திருத்த வாயெடுத்தேன். வடகறி வந்துவிட்டது. அதற்கப்புறம் எந்த நாடாக இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

செங்கேணியம்மா வீடு ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்தது. அறுபதை நெருங்கும் வயது, ஒல்லியான நெடிய உடம்பு, நடையில் மட்டும் யாரோ பின்னால் துரத்துகிற அவசரம். மரக்காணம் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். ஓட்டத்தை வைத்தே ரயில்வேயில் வேலை கிடைத்து, எங்கெங்கோ மாற்றலாகிச் சுற்றி, கடைசியில் விழுப்புரத்தில் தங்கிவிட்டவர். அவர் கணவர் ஓய்வு பெற்ற ரயில் கார்டு. நான் வாசலில் செருப்பைக் கழற்றியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பன்னண்டு நிமிஷம் லேட்" என்றார். கோபம் ஒன்றும் இல்லை. தகவலாகத்தான் சொன்னார்.

செங்கேணியம்மா முறத்தில், அங்கே மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பரப்பி உரித்துக்கொண்டே பேச உட்கார்ந்தார். ஒவ்வொரு தோலும் ரெக்கார்டரில் வெடி மாதிரி விழுந்தது. நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"நீங்க அஞ்சல் ஓட்டத்துல எத்தனாவதா ஓடினீங்க?"

"அஞ்சலா? அதின்னாமா, தபால் ஓட்டமா?"

"ஒருத்தர் ஓடி இன்னொருத்தர்கிட்ட கட்டையைக் குடுக்கிறது."

"ரிலேன்னு சொல்லு. நான்தான் கடைசி. முடிக்கிறவ."

மணலில்தான் ஓடக் கற்றுக்கொண்டாராம். படகு கரைக்கு வருவது தெரிந்தால், மேட்டில் காத்திருக்கும் குப்பத்துப் பெண்களிடம் முதலில் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும். வெளியூர் வியாபாரிகள் வருவதற்குள் அவர்கள் ஏலத்துக்கு வந்துவிட வேண்டுமே. "மணல்ல ஓடனவளுக்குத் தரையில ஓடறது இன்னா? மெத்தையில நடக்கற மாதிரி." திண்டிவனத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது பக்கத்துப் படுக்கைக்காரி ஞானசௌந்தரி. அவளும் ஓடுவாள். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜோடி ஆணி ஷூ. ரிலே என்றால் ஞானத்துக்கு ஷூ, செங்கேணிக்கு வெறுங்கால். மாவட்டத்துக்காக ஓடினார்கள். அப்போது எல்லாம் ஒரே தென்னாற்காடுதான். ஜெயித்தால் டில்லி. டில்லிக்கென்று இருவரும் சேர்ந்து ஒரு டிரங்குப் பெட்டிகூடக் கடன் வாங்கி வைத்திருந்தார்களாம்.

"அப்பறம்?"

முறத்தில் கை நின்றது. "ஞானம் மூணாவது. மொதல் ஆளா வந்தா. நல்லாத்தான் வந்தா. நான் கிளம்பனேன். கைய பின்னால நீட்டனேன். கையில காத்துதான் இருந்துச்சி. டொக்குனு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா கட்டை தரையில உருண்டுக்கினு போவுது."

குனிந்து ரெக்கார்டருக்கு மிக அருகில் வாயை வைத்து, கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"விட்டது ஞானசௌந்தரி."

அன்றோடு பேச்சு நின்றுபோனதாம். நாற்பது வருடம் ஆகிறது. அதில் கடைசிப் பத்து வருடமாக ஒருத்தி விழுப்புரத்தில், ஒருத்தி திண்டிவனத்தில். ஒரு மணி நேரப் பயணம். விலாசம்கூடத் தெரியும். "அவதான விட்டா? அவ வந்து ஒரு வார்த்த சொல்லட்டும்னு இருந்துட்டேன்" என்றார்.

இரண்டாம் நாள் திண்டிவனம். நான் ஏறியது சென்னைப் பேருந்து. திண்டிவனம் போகுமா என்று கேட்டதற்கு நடத்துநர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு ஆமாம், இல்லை, பார்க்கலாம் என்று மூன்று பொருள் உண்டென்று பிறகுதான் புரிந்தது. நாலு வழிச் சாலை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. பேருந்து ஒரு பக்கம் மண்மேட்டிலும் மறுபக்கம் பள்ளத்திலும் சக்கரம் வைத்து நடனமாடிக்கொண்டே போயிற்று. ஊர் வரும் முன்பே, தர்பூசணிகளை மலைபோல் குவித்திருந்த இடத்தில் நின்று, "திண்டிவனம் எறங்கு!" என்றார் நடத்துநர்.

"இங்க ஊரே இல்லையே?"

"ஊரு உள்ள கீது. வண்டி உள்ள போவாது. இது பைபாஸ். ஜல்தி எறங்கும்மா."

இறங்கினேன். தர்பூசணி விற்ற அம்மாள் என் முகத்தைப் பார்த்து, கேட்காமலே ஒரு துண்டு வெட்டித் தந்தார். "தெனம் பத்து பேரு இப்படித்தான் எறங்கி முழிப்பாங்க. துன்னுட்டுப் போ. அந்தாண்ட ஷேர் ஆட்டோ வரும்." அந்த வண்டியில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர். ஒரு கோழியும் இருந்தது. கோழிக்கு மட்டும் வசதியான இடம்.

ஞானசௌந்தரி டீச்சர் தேவாலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் உடற்பயிற்சி ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, "நேரம் கெடைக்கல" என்றார். குள்ளமான, உறுதியான உடம்பு. குரல் மட்டும் ஒரு மைதானத்தின் அளவு. "காபி குடி!" என்றால் நாம் கவாத்து பழகுகிற மாதிரி நிமிர்ந்துவிடுவோம். அவர் வாயைத் திறந்ததும் ரெக்கார்டரின் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. எட்டத் தள்ளி வைத்தேன். கடைசியில் ஜன்னல் விளிம்பில் கொண்டுபோய் வைத்தபோதுதான் முள் இறங்கியது.

"கட்டைய அவ வாங்கல" என்றார், நான் இன்னும் கேள்வியே கேட்காதபோது.

"அவங்க..."

"அவ இன்னா சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். நான் விட்டேன்னு சொல்லியிருப்பா. அவ ஜல்தியா கிளம்பிட்டா! கோடு தாண்டி நான் காலு வெக்கறதுக்குள்ள ஓடறா. 'இந்தா'ன்னு கத்தனேன். கைய நீட்டவே இல்ல. இல்லாத கையில எப்படிம்மா குடுப்பாங்க?"

பிறகு மேசையைத் தட்டி, "அவ பேசனத போடு, நான் கேக்கணும்" என்றார்.

ஒருவர் பேசியதை அவர் சம்மதமில்லாமல் இன்னொருவருக்குப் போட்டுக் காட்டக் கூடாது என்பது வாசுகியின் கண்டிப்பான சட்டம். சொன்னேன். ஞானம் டீச்சர் தொலைபேசியை என் முன்னால் நகர்த்தி வைத்தார். விழுப்புரத்துக்குப் போட்டேன். எடுத்தது கார்டு ஐயா. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, உள்ளே கொடுத்தார். மறுமுனையில் செங்கேணியம்மாவின் குரல் பக்கத்தில் நின்ற டீச்சருக்கும் கேட்கும்படி வெடித்தது.

"நல்லா போட்டுக் காட்டு! சத்தமா வெய்!"

போட்டேன். டீச்சர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டார். ஆணி ஷூ வந்தபோது லேசாகச் சிரித்தார். டிரங்குப் பெட்டி வந்தபோது, "அது எங்க சித்தப்பா பொட்டி" என்று முணுமுணுத்தார். "விட்டது ஞானசௌந்தரி" என்று வந்ததும், "புதுக் கேசட் போடு!" என்று கத்தினார்.

அதற்கப்புறம் நடந்ததை நேர்காணல் என்று சொல்ல முடியாது. நான் அந்த அறையில் இருப்பதையே அவர் மறந்துவிட்டார். ஜன்னலில் இருந்த ரெக்கார்டரைப் பார்த்து நேராகப் பேசினார்.

"ஏய் செங்கேணி, நல்லா கேட்டுக்கினு இரு. நான் வரலைன்னு சொல்றியே, வாய் கூசல? பந்தயம் முடிஞ்ச மறுநாளு நான் வந்தேன்டி உங்க ஊருக்கு. மரக்காணத்துல பஸ்ஸ விட்டு எறங்கி, அந்த வெயில்ல மணல்ல நடந்து வந்தேன். உங்கம்மா என்னை வாசல்லயே நிக்க வெச்சாங்க. நீ இல்லைன்னாங்க. தண்ணி கேட்டேன். செம்புல கொண்டாந்து, தூக்கிப் புடிச்சி, கையில ஊத்துனாங்க. நான் சேரிப் பொண்ணுன்னு யாரு சொன்னாங்களோ, இல்ல பாத்தாலே தெரிஞ்சிச்சோ. ஹாஸ்டல்ல ஒரே தட்டுல சாப்டோம் நாம. தாகம், குடிச்சேன். குடிச்சிட்டு வந்துட்டேன். அத சொன்னியா நீ இந்தக் கேசட்ல? கட்டைய மட்டும் சொல்ற?"

நிறுத்தினார். நான் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தினேன்.

"கேப்பை அடை இருக்கு, சாப்ட்டுப் போ" என்றார், பழைய மைதானக் குரலில். முருங்கைக்கீரை போட்ட அடை. ருசி நாக்கில் இருந்தது. மனம் எங்கோ இருந்தது. என்னைப் பதியச் சொன்ன கதை ஒரு கட்டை விழுந்த கதைதான். அதற்குள் இப்படி ஒன்று கிடக்கும் என்று வாசுகியும் சொல்லவில்லை.

விழுப்புரத்துக்குத் திரும்பி, நான் தங்கியிருந்த விடுதியிலிருந்து வாசுகியைக் கூப்பிட்டேன். "இதை செங்கேணியம்மாவுக்குப் போடலாமா?"

"டீச்சர் சம்மதிச்சாங்களா?"

"அவங்க செங்கேணியம்மாகிட்டதானே பேசினாங்க. கிளம்பும்போது, கொண்டுபோய்ப் போடுன்னும் சொல்லிட்டாங்க."

வாசுகி, "போடு. ஆனா பக்கத்துலயே உக்காந்திரு" என்றாள்.

மூன்றாம் நாள். செங்கேணியம்மா சண்டைக்குத் தயாராக இருந்தார். முறத்தில் புது மல்லாட்டை. "இன்னா சொல்றா உங்க டீச்சரு?" என்று சிரித்தபடி உட்கார்ந்தார். "ஜல்தியா கிளம்பிட்டா" என்ற இடத்தில், "பொய்யி! பொய்யி!" என்று ரெக்கார்டரோடு சண்டை போட்டார். கார்டு ஐயா நாளிதழுக்குப் பின்னாலிருந்து, "கத்தாத, அதுக்குக் காது இல்ல" என்றார்.

பிறகு மணல் வந்தது. செம்பு வந்தது.

மல்லாட்டை உடைகிற சத்தம் நின்றுவிட்டது. ஒலிநாடா ஓடி முடிந்து தட்டென்று நின்றது.

"திரும்பப் போடு."

போட்டேன். "மறுபடியும்" என்றார். மூன்றாவது முறை, செம்பு வருவதற்கு முன்பே கையை நீட்டி அவரே நிறுத்திவிட்டார்.

"நான் அன்னிக்கு உப்பளத்துக்கு வேலைக்குப் போயிருந்தேன்" என்றார். என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லை. "தோத்துட்டு வந்தவ வீட்ல குந்திக்கினு இருக்காதன்னு அப்பா அனுப்பிட்டாரு. வந்தா, எங்கம்மா ஒண்ணுமே சொல்லல. யாரும் வந்தாங்கன்னு ஒரு வார்த்த சொல்லல. சாவற வரைக்கும் சொல்லல." முறத்தைத் தள்ளி வைத்து, "நான் இன்னாடான்னா கட்டைய புடிச்சிக்கினு தொங்கறேன்" என்றார்.

கார்டு ஐயா நாளிதழை மடித்தார். எழுந்து போய், சுவரில் தொங்கிய கால அட்டவணையைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல பாசஞ்சர் இருக்கு. ஆனா அது சொன்ன நேரத்துக்கு வராது. பஸ்ல போ" என்றார். நாற்பது வருடம் ரயிலில் கொடி காட்டியவர் வாயிலிருந்து அது வந்ததை நான் பதிவு செய்யாமல் போனேன்.

"அவகிட்ட சொல்லாத" என்றார் செங்கேணியம்மா. "சொன்னா கதவ சாத்திக்குவா. அவளப்பத்தி எனக்குத் தெரியும்."

நான்காம் நாள் காலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நல்ல புடவை, தலையில் பூ, கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. விடியும் முன்பே சந்தைக்குப் போய் சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்திருக்கிறார். "சும்மா போய் நின்னா இன்னா பேசறது? கையில ஒண்ணு இருந்தா பேச்சு வரும்."

இந்த முறை ஊருக்குள்ளேயே போகிற பேருந்தாகப் பார்த்து ஏறினோம். முண்டியம்பாக்கத்தில் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இறங்க, கொஞ்சம் காற்று வந்தது. செங்கேணியம்மா தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒருமுறை உதடு அசைந்தது. பிறகு தலையை ஆட்டி அதை அழித்துவிட்டார்.

கூட்டேரிப்பட்டுக்குச் சற்று முன்னால் வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி, குனிந்து, எதையோ பார்த்து, மறுபடி ஏறி, "அவ்ளோதான்" என்றார். எல்லோரும் இறங்கி வெயிலில் நின்றோம். நடத்துநர், "பின்னால வர்ற வண்டில ஏத்தி வுடறேன்" என்றார். பின்னால் வந்த இரண்டு வண்டிகள் அவரைப் பார்க்காததுபோல் போய்விட்டன. மூன்றாவது, எங்களைத் தாண்டிப் போய், சாலை வேலைக்காக வண்டிகளை நிறுத்தியிருந்த இடத்தில் நின்றது. நூறு மீட்டர் இருக்கும். சரியாக நூறு மீட்டர் என்று எழுத ஆசைதான், அளக்கவில்லை.

"புடி!" என்றார் செங்கேணியம்மா. தூக்கு என் கையில் இருந்தது.

அவர் புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினார். செருப்பைக் கழற்றி ஒரு கையில் எடுத்துக்கொண்டார். ஓடினார். வயதான ஒருவர் பேருந்தைப் பிடிக்க ஓடுகிற ஓட்டம் அல்ல அது. முழங்கால் மேலே வந்தது. தலை ஆடவே இல்லை. ஜல்லியிலும் தாரிலும் வெறுங்கால் பட்டுப் பட்டு எழுந்தது. வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் விசில் அடித்தார். பேருந்து நகர ஆரம்பித்தபோது இவர் அதன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். வண்டி பயந்து நின்றது.

நான் பின்னால் தூக்கோடு ஓடினேன். எங்கள் பள்ளி மாணவர்கள் பார்க்காதவரைக்கும் நல்லது. தூக்கின் மூடி வழியில் எங்கோ திறந்து, குழம்பில் கால்வாசி என் சுடிதாரில் இறங்கியது.

படியில் நின்றபடி செங்கேணியம்மா என்னைக் கைகொடுத்து ஏற்றினார். அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை. எனக்கு வாங்கிய மூச்சு இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

"இன்னாமா, ஒலிம்பிக்ஸா?" என்றார் அந்த வண்டியின் நடத்துநர்.

"வுட்டுட்டியே" என்றார் செங்கேணியம்மா என் சுடிதாரைப் பார்த்து. முதல் முறையாக அன்று சிரித்தார்.

ஞானம் டீச்சர் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். தெருவில் ஒருவன் பிளாஸ்டிக் குடம் விற்றுக்கொண்டு போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை டீச்சர் அவனையே பார்த்தார். செங்கேணியம்மா வாசல்படிக்குக் கீழேதான் நின்றார். மேலே ஏறவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வருவதாகத் தெரியவில்லை.

"வெயில்ல இன்னாடி அங்கயே நிக்கிற? உள்ள வா!" என்று மைதானக் குரல் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை முளைத்தது.

உள்ளே போனோம். நான் ரெக்கார்டரை மேசையில் வைத்து ஓடவிட்டேன். பெரிதாக ஏதோ நடக்கப் போகிறது என்று காத்திருந்தேன். அவர்கள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். இரத்த அழுத்த மாத்திரை யாருக்கு எத்தனை என்று ஒப்பிட்டார்கள். ஒருத்திக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது, இன்னொருத்திக்கு இனிமேல்தான். "நீ குண்டாயிட்ட." "நீ குச்சியாவே கீற." அந்த வீட்டுக் கேசட்டைப் பற்றியோ இந்த வீட்டுக் கேசட்டைப் பற்றியோ ஒரு பேச்சும் இல்லை. எனக்குப் பொறுமை போனது. வாசுகியின் கேள்வித்தாளை எடுத்தேன்.

டீச்சரின் கண் என் சுடிதார்மேல் விழுந்தது. "இன்னாது இது? மீன் கொழம்பா? கறை புடிச்சிக்கும்! பின்னால கொழா இருக்கு, சோப்பு இருக்கு. போய் அலசு! இந்தா, என் நைட்டிய போட்டுக்க."

அந்தக் குரலுக்கு எதிர்க்கேள்வி கேட்க எனக்கு மட்டுமல்ல, திண்டிவனத்தில் யாருக்கும் தைரியம் இருந்திருக்காது. பின்கட்டுக்குப் போனேன். துவைத்துப் பிழிந்து காயப்போட்டுத் திரும்பியபோது அவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். எனக்கு இரண்டு துண்டு மீன் வைத்திருந்தார்கள். இருவர் கண்ணும் சிவந்திருந்தது. குழம்பில் காரம் என்றார்கள். இருந்தது.

சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும், சண்டை ஆரம்பித்தது. கட்டைதான். யார் விட்டது, யார் வாங்காதது. "வா, காட்டறேன்" என்று எழுந்தார் டீச்சர். தெருக்கோடியில் ஒரு பள்ளி மைதானம். விடுமுறை, ஆடுகள் மட்டும் மேய்ந்தன. பேட்டனுக்குப் பதில் சப்பாத்திக் கட்டை. ஆடு மேய்த்த பெரியவர், "இன்னா டீச்சர், ரன்னிங் ரேஸா?" என்றார். "ஆட்ட ஓரமா ஓட்டு!" என்று பதில் வந்தது.

செங்கேணியம்மா முன்னால் போய் நின்றார். டீச்சர் முப்பது அடி பின்னால். நான் விசில் ஊதினேன், அதற்குத்தானே வந்தேன். டீச்சர் ஓடி வந்தார். முழங்கால் மடங்கவில்லை, ஆனாலும் வந்தார். செங்கேணியம்மா புறப்பட்டார். "இந்தா!" என்று ஒரு குரல், மைதானத்துக்கு அப்பால் காக்கைகள் எழுந்தன. கை பின்னால் வந்தது. சப்பாத்திக் கட்டை அந்தக் கையில் போய் உட்கார்ந்தது. விழவில்லை. ஆடாமல், அசையாமல், கச்சிதமாக.

செங்கேணியம்மா நாலைந்து எட்டு ஓடி நின்று திரும்பினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"பாத்தியா? நான் ஒழுங்காத்தான் குடுப்பேன்!" என்றார் டீச்சர்.

"பாத்தியா? நான் ஒழுங்காத்தான் வாங்குவேன்!" என்றார் செங்கேணியம்மா.

இருவரும் ஒரே சமயத்தில் என்னிடம் திரும்பி, "நீயே சொல்லு" என்றார்கள். நான் ஆட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் என்னைச் சென்னைப் பேருந்தில் ஏற்றிவிட இருவரும் வந்தார்கள். செங்கேணியம்மா விழுப்புரத்துக்கு எப்போது திரும்புகிறார் என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஏதோ விருந்தாம். இருந்துட்டு வான்னா. அவருக்கு போன் பண்ணிட்டேன். எந்த வண்டின்னு கேட்டாரு, இன்னும் தெரியலைன்னேன். பேஜாராயிட்டாரு" என்றார். வண்டி கிளம்பியபோது இருவரும் எனக்குக் கையசைக்கவில்லை. வேகவைத்த மல்லாட்டை விற்கிறவரோடு ஏதோ வாக்குவாதத்தில் இருந்தார்கள்.

வாசுகி கேசட்டுகளை வரிசையாகக் கேட்டாள். கடைசிக் கேசட்டைப் போட்டபோது, "இதுல ஒண்ணும் இல்லை. மாத்திரை, முழங்கால்தான்" என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னைத் துவைக்க அனுப்புகிற சத்தம் வந்தது. அதற்கப்புறமும் ஓடிக்கொண்டிருந்தது. ரெக்கார்டரை நிறுத்தாமலே பின்கட்டுக்குப் போயிருக்கிறேன்.

தட்டு வைக்கிற சத்தம். மின்விசிறி. "நல்லா தேய்!" என்று டீச்சர் பின்கட்டைப் பார்த்துக் கத்துகிறார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

"ஞானம்."

"ம்."

"எனக்குத் தெரியாதுடி. சத்தியமா தெரியாது. எங்கம்மா அன்னிக்கு உன்ன..." குரல் நின்றுவிட்டது.

மின்விசிறி மட்டும் சுற்றியது. வாசுகி ஒலியைக் கூட்டினாள். பிறகு ஒரு குரல் வந்தது. யாருடையது என்று எனக்கு முதலில் தெரியவில்லை; ஞானம் டீச்சருக்கு அவ்வளவு மெல்லப் பேச வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

"முள்ளு இருக்கு. பாத்துத் துன்னு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"நான் மரக்காணத்துக்காரிடி. எனக்கே முள்ளு எடுக்கச் சொல்லித் தர்றியா?"

இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கேசட் தீரும்வரை சாப்பிடுகிற சத்தம்தான்.